முதற்பூ தடி தந்த வீட்டுக்கு

கற்பிட்டி,
தை 18.

அன்பு மகள் அனுஷ்காவுக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் தம்பி றொமேஷும் மாதாவின் தயவால் குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் ஊரில் தடிமன் காய்ச்சல் அண்டாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை முழித்து வேலை செய்யாமல் இருக்கவேண்டும் என்று பின்னேரச் செபத்தில் தினமும் உன் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். கையில் போன் இருக்க அம்மா எதற்குக் கடதாசியும் பேனையுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். நான் போனில் பேசி அனுப்புவதை நீ பாத்திரம் கழுவிக்கொண்டே சத்தமாகப் போட்டுக் கேட்பாய் என்றும், உன்னோடு அறையில் இருக்கிற பெட்டைகள் எல்லோரும் கூடிநின்று சிரிப்பார்கள் என்றும் நீயே ஒருமுறை சொன்னாய். இது அவர்கள் கேட்டுச் சிரிக்கிற கதை இல்லை. அல்பொன்சா மாமியின் மகன் இருபதாம் திகதி இத்தாலிக்குத் திரும்புகிறான். அவனிடம் கருவாடும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன், அந்தப் பொதிக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். கதவைச் சாத்திவிட்டுத் தனியாக இருந்து வாசி. கடிதத்தோடு ஒரு சின்ன மடிப்பு இருக்கும், அதை முதலில் பிரிக்காதே, நான் சொல்லும்போது பிரி.

முதலில் வீட்டுக் கதை. அப்பா உச்சமுனையில் மீன் வாடியில் நிற்கிறார், கிழமைக்கு ஒருக்கால்தான் வந்துபோகிறார். முழங்கால் நோவு இருக்கிறது, ஆனால் கேட்டால் இல்லை என்கிறார், படியில் ஏறும்போது முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. நீ போன் எடுக்கும்போது எண்ணெய் பூசச் சொல்லிச் சொல்லு, நான் சொன்னால் காதில் விழாது. றொமேஷ் கச்சான் காற்றுக் காலம் முழுக்கக் கடற்கரையில் காற்றாடியைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் ஓடுகிற வெள்ளைக்காரருக்குக் கயிறு பிடித்தான், இப்போது காற்று நின்றதால் வீட்டில் படுத்துக்கொண்டு போன் நோண்டுகிறான். இவ்வளவுதான். எல்லோரும் இருக்கிற மாதிரி இருக்கிறோம். நான்தான் இல்லை.

அதைச் சொல்லத்தான் வந்தேன். எங்கள் 'பூமுற்றம்' குழுவைப் பற்றி. அல்பொன்சா மாமி மூன்று வருஷத்துக்கு முன்னர் அதைத் தொடங்கினபோது நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கினா. கற்பிட்டியிலிருந்து பாலாவி வரைக்கும் வீட்டு முற்றத்தில் பூ வளர்க்கிற பெண்கள் முப்பத்தொரு பேர், அந்தந்தக் காலத்தில் யார் வீட்டில் எது பூக்கிறதோ அதைப் படம் எடுத்துப் போடுவது, எப்படி வளர்த்தோம் என்று சொல்வது, கேட்கிறவர்களுக்குத் தடியோ விதையோ கொடுப்பது. தையில் பத்துமணிப்பூ, சித்திரையில் மல்லிகை, கச்சான் காற்று உப்பை வாரி அடிக்கிற மாதங்களில் கடதாசிப்பூவைத் தவிர வேறொன்றும் தலைநிமிர்த்தாது, ஐப்பசியில் முதல் மழைக்கு மண்ணைப் பிளந்துகொண்டு மழைப்பூ, மார்கழி பிறந்தால் ரோசா. உன்னையும் நான்தான் சேர்க்கச் சொன்னேன். தூரத்தில் இருக்கிற பிள்ளை எங்கள் முற்றத்தை மாதாமாதம் பார்க்கட்டும் என்று நினைத்தேன். நீ பார்த்தாய், நன்றாகத்தான் பார்த்தாய், ஆனால் அடுத்த வீட்டு முற்றத்தை.

அடுத்த வீடு என்றால் சிபானாதான், வேறு யார். ஹமீட் பாலாவி உப்பளத்தில் லொறி ஓட்டுகிறவர், அவர் கட்டிக்கொண்டு வந்த பெண். நீ இருக்கும்போதே வந்துவிட்டாள், நீயும் அவளும் வேலியருகில் நின்று சிரித்துக் கதைப்பீர்கள். நல்ல பெண்தான், வாய்ச்சத்தம் இல்லாதவள், நோன்புக் கஞ்சி என்றாலும் பெருநாள் வட்டிலாப்பம் என்றாலும் முதல் கோப்பை எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது, கெட்டவளாக இருந்தால் ஏசிவிட்டு இருந்திருப்பேன். மண் ஒரே மண், எங்கள் கிணற்றுக்கும் அவள் கிணற்றுக்கும் இடையில் பத்தடிகூட இல்லை, அடிக்கிற காற்றும் ஒன்று. என் வீட்டு மல்லிகை நாற்பது பூ பூத்தால் அவள் வீட்டு மல்லிகை வேலி தெரியாமல் பூக்கிறது. என் செவ்வரத்தைக்கு வெள்ளைப் பூச்சி, அவள் செவ்வரத்தைக்கு அந்தப் பூச்சி விலாசம் தெரியாமல் போய்விடுகிறது. குழுவில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் சிபானாவிடம் கேளுங்கோ என்கிறார்கள். முப்பது வருஷமாகக் கோயில் மாதா பீடத்துக்குப் பூ கொடுக்கிறவள் நான், என்னிடம் ஒருத்தியும் கேட்கவில்லை. போன வருஷம் அல்பொன்சா மாமி அவளைக் குழுவின் நிர்வாகியாகவும் ஆக்கிவிட்டா. நான் வாழ்த்து அனுப்பினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அதையெல்லாம் விடு. இந்த மார்கழி இல்லை, அதற்கு முந்தின மார்கழியில் அவள் ரோசாப் படம் போட்டாள். நீ நான்கு இதயம் போட்டு, 'ஐயோ என்ட கண்ணே பட்டுரும், இன்னும் கிட்ட இருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கோ அக்கா' என்று எழுதினாய். இரண்டு நாள் கழித்து நான் உன்னுடைய ரோசாவை, நீ நட்ட ரோசாவை, படம் எடுத்துப் போட்டேன். அதற்கு நீ ஒரு பெருவிரல் போட்டாய். ஒரே ஒரு பெருவிரல், எழுத்து இல்லை. நான் எண்ணிக்கொண்டு இருக்கிறவள் இல்லை, றொமேஷ்தான் பார்த்துவிட்டுச் சொல்லிச் சிரித்தான். பிறகு ஆடி மாதத்தில் நீ வேலை செய்கிற வீட்டின் மாடி யன்னலில் சிவப்புப் பூச்சாடி வைத்துப் படம் போட்டாய், நீ பார்த்துக்கொள்கிற அந்த இத்தாலிக்கார அம்மா உன் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கிறா. நீ அவவை மம்மா என்று கூப்பிடுகிறாய் என்று கீழே எழுதியிருந்தாய். வயதான மனுஷி, அவவுக்குப் பிள்ளைகள் வந்து பார்ப்பதில்லை, எல்லாம் எனக்கு விளங்குகிறது. விளங்கினாலும் அன்றைக்கு நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

அந்த ரோசாவுக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று சலிக்காதே, சொன்னால்தான் என் பக்கமும் விளங்கும். எங்கள் பக்கத்தில் பூத்தடி கொடுத்து வாங்குவதற்கு ஒரு வழமை இருக்கிறது. தடி தந்தவளுக்கு நன்றி சொல்லக்கூடாது, சொன்னால் வேர் பிடிக்காது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாரிக்கும் அந்தச் செடியின் முதற்பூ தடி தந்த வீட்டுக்குப் போகவேண்டும். கூப்பிடாமல், பேசாமல், வாசல் படலைத் தூணில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். வேதக்கார வீடு, முஸ்லிம் வீடு, சைவக்கார வீடு என்று அதில் பிரிவு கிடையாது. நீ சிலாபத்து மடத்தில் தையல் படித்தபோது சிஸ்டர் தந்த தடிதான் எங்கள் கிணற்றடி ரோசா. நீ இங்கே இருந்த வருஷங்களில் முதற்பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிச் சிலாபத்துக்குக் கொண்டுபோனாய், சிஸ்டர் மாறிப்போன பிறகு நான் அதை மாதா பீடத்தில் வைத்து வருகிறேன்.

நீ போய் இரண்டாம் மாரியில் ஒரு காலை நான் பாண் வாங்கப் போகிறேன், எங்கள் படலைத் தூணில் ஒரு ரோசா. அதே ரோசா, சங்கின் உள்பக்கம் மாதிரி மங்கலான இளஞ்சிவப்பு, அதே வாசம். கிணற்றடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் எங்கள் செடியில் மொட்டு இன்னும் பச்சைக்குள்ளேதான் இருக்கிறது. வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன், சிபானாவின் குசினி யன்னலுக்குக் கீழே உன்னுடைய ரோசா செழித்து நிற்கிறது. நான் அவளுக்குத் தடி கொடுத்ததே இல்லை. அப்படியென்றால் வேலிக்கு மேலாகக் கையைப் போட்டு முறித்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். முறித்ததும் போதாதென்று, பார் பவுலினாக்கா உன் மகளின் செடி என்னிடம்தான் முந்திப் பூக்கிறது என்று காட்டுவதற்கு என் தூணிலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. ரோட்டில் ஒரு கழுதை நின்றது, தூணில் இருந்த பூவை எடுத்து அதற்கு நீட்டினேன். முள்ளோடு தின்றது. அடுத்த மார்கழியிலும் பூ வந்தது, அடுத்த மார்கழியிலும் வந்தது. ஐந்து மாரிக்கு ஐந்து பூவும் கழுதைக்குத்தான் போயின. கழுதைக்கும் மாதம் தெரிந்துவிட்டது, மார்கழி பிறந்தால் எங்கள் படலையில் வந்து நிற்கும்.

இந்த மாரிக்கு எப்படியாவது அவளுக்கு முந்திப் பூக்கவைப்பது என்று மனதில் பிடித்துக்கொண்டேன். நீ நான்கு இதயம் இல்லாவிட்டாலும் இரண்டு இதயமாவது போடமாட்டாயா. அவள் அப்படி என்னதான் ஊற்றுகிறாள் என்று பார்க்கவேண்டும் என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, வேலியின் தென்னோலைக் கிடுகை விலக்கி ஒரு கிழமை முழுக்கக் காலையில் பார்த்தேன். குசினிக்குப் பின்னால் ஒரு வாளி மூடி வைத்திருக்கிறாள். அதைத் திறந்தால் மீன் வெடுக்கு எங்கள் பக்கம் வரைக்கும் வருகிறது. அதிலிருந்து ஒரு பேணி எடுத்துத் தண்ணீர் கலந்து ரோசாவின் அடியில் ஊற்றினாள். ஆஹா, மீன் கழுவின தண்ணீர், இதுதானா உன் இரகசியம் என்று எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. மீன் கழுவின தண்ணீருக்கு எங்கள் வீட்டில் என்ன குறை. அவள் ஒரு நேரக் கறிக்கு அரைக்கிலோ மீன் கழுவுகிறவள், நான் அப்பா கொண்டுவருகிற மீனைக் கூடை கூடையாகக் கருவாட்டுக்குக் கழுவுகிறவள். அவள் ஒரு பேணி ஊற்றினால் நான் ஒரு வாளி ஊற்றலாம்.

ஊற்றினேன் மகள். உப்பில் ஊறின மீனை வெயிலில் போடுவதற்கு முன்னர் அலசுகிற தொட்டி இருக்கிறதே, அந்தத் தொட்டித் தண்ணீரை ஊற்றினேன். வேண்டுதல் வைத்துச் செய்தால் பலிக்கும் என்று மாதா பிறந்தநாளுக்கு முந்தின நவநாள் ஒன்பது நாளும், காலையில் செபம் சொல்லி முடித்துவிட்டு ஒவ்வொரு வாளி. கருவாட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து கருவாட்டுக்காரனைக் கட்டினவளுக்கு அந்தத் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று தெரியாதா என்று கேட்பாய். தெரியும். என் கைவிரல் வெடிப்புக்கே தெரியும். ஆனால் அந்த ஒன்பது நாளும் என் கண்ணுக்குள் இருந்தது செடி இல்லை, அவள் பூ. ஏழாம் நாள் இலை ஓரம் கருகியது, கச்சான் காற்றின் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் இலை கொட்டியது. பிறகு பயம் பிடித்து நாற்பது வாளி நல்ல தண்ணீர் இறைத்து ஊற்றினேன், என் முதுகுதான் போனது. புரட்டாசி முடிவதற்குள் அடித்தண்டு வரைக்கும் கறுத்துக் காய்ந்துவிட்டது. மகள், உன்னுடைய ரோசா செத்துப்போய்விட்டது. நான்தான் கொன்றேன். இதை எழுதுவதற்குத்தான் நான்கு மாதமாகப் பேனை தேடிக்கொண்டிருந்தேன்.

நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வரும்போது கிணற்றடியைக் காட்டச் சொல்வாய். நான் கடதாசிப்பூச் சாடியை நகர்த்தி வைத்து மறைத்தேன். சில நாள் வெளிச்சம் இல்லை என்றேன், ஒருநாள் சிக்னல் போகிறது என்று நானே வெட்டினேன். நீ குழுவிலும் கேட்கத் தொடங்கினாய், 'அம்மா என்ட ரோசா மொட்டு வச்சிட்டுதா, படம் போடுங்கோ' என்று, முப்பத்தொரு பேரும் பார்க்க. ஆகமன காலம் முதல் ஞாயிறு, கிறிஸ்மசுக்கு நான்கு கிழமை இருக்க, கோயிலால் வந்ததும் முந்தின வருஷப் படத்தைத் தேடி எடுத்து, இன்று காலை பூத்தது என்று எழுதிப் போட்டேன். நீ அன்றைக்கு இதயம் போட்டாய். குழு தொடங்கின மூன்று வருஷத்தில் முதன்முறையாக எனக்கு மூன்று இதயம் போட்டாய், என் பொய்க்கு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சிபானாவும் ஒரு இதயம் போட்டாள். அவள் குசினி யன்னலைத் திறந்தால் எங்கள் கிணற்றடிதான் தெரியும், அந்தக் காய்ந்த தடியை அவள் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பொய் என்று தெரிந்துகொண்டே போட்டாள். அவள் குழுவில் என்னைக் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்றாம் நாள் காலை படலையில் சத்தம். சிபானா நிற்கிறாள், ஒரு கையில் பால்மா டின்னில் வளர்ந்த ரோசாச் செடி, மற்றக் கையில் ஒரு பூ. கழுதையும் நின்றது. என்னைக் கண்டதும் அவள் சொன்னாள், 'அக்கா, இந்த முறை தூண்ல வெக்கல்ல. இந்தக் கழுதை ஒருக்கா பூவத் தின்டுட்டு நின்டதக் கண்டன். அதுக்குப் பொறகு எட்டாம எவ்வளவோ உயரத்துல வெச்சிப் பாத்தன், ஒங்களுக்குக் கெடைக்கிதா இல்லியான்டு தெரியல்ல' என்று. மகள், நான் நின்ற இடத்தில் மண் பிளந்து உள்ளே போயிருக்கலாம். அவள் முகத்தில் பொல்லாப்பு ஒரு துளி இல்லை, கழுதையைத்தான் கோபமாகப் பார்த்தாள். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. நான் உனக்குத் தடி தரவில்லையே, எனக்கு எதற்கு முதற்பூ வைக்கிறாய் என்று கேட்டுவிட்டேன். அவள் டின்னைப் படலையடியில் இறக்கி வைத்தாள். பிறகு, 'ஒங்கட ஊட்டுத் தடி தானே அக்கா. அனுஷ்கா தந்தது. ஒங்களுக்குச் சொல்ல வேணாம் என்டு சொல்லித் தந்தது' என்றாள்.

நீ விமானம் ஏறுவதற்கு முதல்நாள் வேலியால் இரண்டு தடி நீட்டினாயாம். அம்மா பாசத்தில் ஊற்றி ஊற்றியே எதையும் அழுகவைத்துவிடுவா, எங்கள் கிணற்றடிச் செடி செத்தால் உங்களிடமிருந்து ஒன்றைக் கொடுங்கோ, சாகாவிட்டால் ஒன்றும் சொல்லாதேயுங்கோ, அம்மாவுக்கு எரியும் என்று சொன்னாயாம். அவள் அதைச் சத்தியம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாரிக்கும் ஒரு தடியைப் பால்மா டின்னில் வேர்பிடிக்க வைத்து எனக்கென்று எடுத்துவைத்திருக்கிறாள். எங்கள் செடி அந்த வருஷம் உயிரோடு இருந்தால் அடுத்த வருஷம் அந்த டின்னை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு எனக்குப் புதிதாக ஒன்று வைப்பாளாம். ஆறு வருஷம் மகள். நான் கிடுகு விலக்கிப் பார்த்த அந்தக் கிழமையிலும் அந்த டின் அவள் குசினிப் படியில் இருந்திருக்கிறது, நான் வாளியைத்தான் பார்த்தேன்.

உன்னிடம் மறைக்கமாட்டேன், அவள் போன பிறகு எனக்கு நன்றி வரவில்லை, அழுகைதான் வந்தது, அதுவும் எரிச்சலில் வந்த அழுகை. நீ எனக்குத் தெரியாமல் அவளிடம் கொடுத்தாய். பெற்றவளின் கையை நம்பாமல் அடுத்த வீட்டுக்காரியின் கையை நம்பினாய். நீங்கள் இரண்டு பேரும் ஆறு வருஷம் வேலிக்கு மேலாக ஒரு இரகசியம் வைத்திருந்தீர்கள், அந்த இரகசியமே என்னைப் பற்றினது. அவள் பூவுக்கு நீ நான்கு இதயம் போட்டது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது, அதுவும் உன் பூதானே, நீ கொடுத்தது பிழைத்திருக்கிறது என்று உனக்குச் சந்தோஷம். விளங்கிய பிறகும் எரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, பிள்ளை சொன்னது சரிதானே, நீ கொன்றுபோட்டாய்தானே என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு நான் போடவில்லை, அவரே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார். ஆனால் இரவு படுக்கும்போது யோசித்தேன், எனக்கு எரியும் என்று நீ இங்கிருந்து போகும்போதே தெரிந்து வைத்திருக்கிறாய், என் குணத்தை இவ்வளவு சரியாகத் தெரிந்தவர்கள் வேறு யார் இருக்கிறார்கள். அது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, என்னவோ.

சிபானா கொண்டுவந்த பூவை ஒரு கிளாசில் தண்ணீர் விட்டு மாதா படத்துக்குக் கீழே வைத்தேன். கழுதை படலையில் மத்தியானம் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போனது. செடியைக் கிணற்றடியில் வைக்கவேண்டாம், அந்த மண்ணில் உப்பு இருக்கிறது, இரண்டு மாரி கழுவட்டும் என்று சிபானா சொன்னாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. வெடுக்கு அவள் பக்கமும் போயிருக்கும்தானே. முன்வாசலில் பெரிய சாடியில் நல்ல மண்ணும் மாட்டெருவும் போட்டு வைத்தேன். தண்ணீர் ஊற்றுவதற்கு றொமேஷ் ஒரு சின்னப் பேணியில் கோடு கீறித் தந்திருக்கிறான், அந்தக் கோட்டுக்கு மேலே போகக்கூடாதாம், சிரித்துக்கொண்டே தந்தான். குழுவிலும் நான் உண்மையை எழுதிவிட்டேன், அது பழைய படம், செடி செத்துவிட்டது, கருவாட்டுத் தண்ணீர் ஊற்றினேன் என்று. நீ அன்றைக்கு வேலையில் இருந்தாய்போல, பார்ப்பதற்குள் நானே அழித்துவிட்டேன். அல்பொன்சா மாமி மட்டும் பார்த்துவிட்டா. தானும் ஒருமுறை அந்தூரியத்துக்கு அதே தண்ணீரை ஊற்றிக் கொன்றதாக எனக்குத் தனியாக எழுதினா. மனதுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா.

சாடிச் செடி தை ஆறாம் திகதி, மூவிராசாக்கள் திருநாளுக்குப் பூத்தது. கண்ணால் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். இனி வழமைப்படி முதற்பூவைச் சிபானாவின் தூணில் வைக்கவேண்டும், தடி கொடுத்தது அவள்தானே. போன கிழமை ஒரு காலையில், கழுதைக்கு எட்டாத உயரத்தில் கதிரை போட்டு ஏறி வைத்துவிட்டு வந்தேன். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பூவை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். பின்னேரம் அவளே வேலியருகில் வந்து, இவ்வளவு பேருக்குத் தடி கொடுத்திருக்கிறேன் அக்கா, உள்ளூரில் ஒருத்தியும் முதற்பூ கொண்டுவந்து வைத்ததில்லை, நீங்கள்தான் முதல் என்று சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அது சுருக்கென்றது, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பொதியில் இருக்கிற கருவாட்டை நன்றாக மூன்று தரம் கழுவிச் சமை, கழுவின தண்ணீரை அந்த யன்னல் பூச்சாடியில் ஊற்றிவிடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. சம்பளம் கூடினாலும் ஞாயிறு பூசையை விடாதே. அந்த இத்தாலிக்கார அம்மாவுக்கு என் அன்பைச் சொல், அவவுக்கென்று ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய் வைத்திருக்கிறேன், காரம் குறைத்துப் போட்டது. மம்மா என்று கூப்பிடுவதைக் கூப்பிடு, ஆனால் அம்மா என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே. லீவு கிடைக்கும்போது வந்து கிணற்றடியைப் பார், ஏசுகிறதென்றால் நேரில் ஏசு. மாதாவின் காவலும் சம்மனசுகளின் துணையும் உன் கூடவே இருக்கட்டும், நீ வைக்கிற கால் தடுக்காமல் இருக்கட்டும், உன் கையால் நடுவதெல்லாம் பிழைக்கட்டும் என்று உன் நெற்றியில் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொள்.

இனி அந்த மடிப்பைப் பிரி. செபப்புத்தகத்துக்குள் வைத்து அமுக்கியது, நிறம் கொஞ்சம் மங்கியிருக்கும், வாசம் இருக்கவேண்டும். மூவிராசாக்கள் திருநாளன்று விடியும்போதே, சிபானா யன்னல் திறப்பதற்கு முதல், வெட்டி உள்ளே எடுத்துவந்துவிட்டேன். அவள் தூணில் நான் வைத்தது ஒரு கிழமை கழித்துப் பூத்தது. பொய்தான், அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீயே யோசித்துப் பார், தடி தந்த வீடு எது? தயவுசெய்து இதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடாதே, அவள் தனக்கு வந்தது முதற்பூ என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன்னைப் பெற்ற,
அம்மா பவுலினா.